மூன்று கட்டங்களுக்கு ஒரு பெயர்: பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்காக நாங்கள் தேடியவை

எங்களுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. ஆனாலும் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கான பெயர்களை நானும் என் கணவரும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாகத் தேடி, எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, அண்மையில்தான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள் கொண்ட படிவங்கள் உலகெங்கும் நிறைந்திருக்க, ஒற்றைப் பெயரையும் ஒரு தலைப்பெழுத்தையும் மட்டுமே கொண்டு வளர்ந்த தமிழர்களாகிய நாங்கள் அந்தக் கட்டங்களை எப்படி நிரப்புவது என்று யோசித்ததில் கற்றுக்கொண்டவற்றை, இதே யோசனையில் இருக்கும் பிறருக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இந்த அக்கறை எனக்கு ஏற்பட்டதற்கு என் பெயரே காரணம். என் பெயரின் நடுவில் ஒரு ழகரம் இருக்கிறது. பள்ளியில் சேர்த்தபோது ஆங்கிலத்தில் அதற்கு எல் என்ற ஒற்றை எழுத்தைப் போட்டு எழுதியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் பட்டச் சான்றிதழ் வரை அதுவே தொடர்ந்தது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது, ழகரத்துக்கு இசட், ஹெச் என்ற இரண்டு எழுத்துகள்தாம் சரியானவை என்ற ஆர்வத்தில் நானே அப்படி எழுதினேன். வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருந்தது. அதில் அப்பாவின் பெயரை விரித்து என் பெயருக்கு முன்னால் சேர்த்திருந்தார்கள். மூன்று ஆவணங்களிலும் இருப்பது ஒரே பெண்தான் என்று நிரூபிக்க வேண்டிய நிலை வேலைக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபோது வந்தது. உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, ஒவ்வோர் அலுவலகத்திலும் தனித்தனித் திருத்த விண்ணப்பம் என்று ஏழு மாதங்கள் கழிந்தன. அந்த ஏழு மாதங்களில் யார்மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் என் பிள்ளைக்கு இந்த வேலையை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்ற உறுதி மட்டும் வந்தது.

இரண்டாவது அனுபவம் வெளிநாட்டுப் பயணத்தின்போது ஏற்பட்டது. தமிழர்கள் பலரின் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே எனதிலும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. குடிவரவு அதிகாரி முதல் தங்குமிடத்தின் வரவேற்பாளர் வரை அனைவரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். அப்பா காலமாகி அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவரைத் தேடித் திரும்பிப் பார்ப்பதுபோன்ற ஓர் உணர்வு எழுந்தது. அது முழுக்கத் துயரமான உணர்வு என்று சொல்ல மாட்டேன். ஒரு பெயர் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்பது, அந்த மனிதரை முன்பின் அறியாதவர்கள் எப்படி விளிப்பார்கள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்தக் கடைசிக் கட்டம் நமக்கு ஏன் வெற்றிடமாக இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை தமிழர்களில் பலர் பெயருக்குப் பின்னால் சாதிப்பெயரை எழுதிவந்தார்கள். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கும்படி தீர்மானம் நிறைவேற்றியது. பெரியாரும் தம் பெயரின் பின்னொட்டைக் கைவிட்டார். அதன்பின் வந்த தலைமுறைகள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டன. எனவே அந்த வெற்றிடம் நம் முன்னோர் மனமறிந்து உருவாக்கியது. இன்று ஒரு கணினிப் படிவம் சிவப்பு நட்சத்திரக் குறி போட்டு அதை நிரப்பச் சொல்கிறது என்பதற்காக, துறந்த சாதிப்பெயரைத் தேடி எடுத்துப் பிள்ளையின் பெயரோடு ஒட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருக்கிறது. எங்கள் தேடலில் விவாதத்துக்கே இடமில்லாத முதல் முடிவு அதுதான்: அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் சாதியை எழுதுவதில்லை.

அப்படியானால் காலியாக விட்டுவிடலாமே என்று கேட்கலாம். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கலாம். என் தம்பியின் கடவுச்சீட்டு அப்படித்தான் இருக்கிறது. அதன் விளைவுகளையும் பார்த்துவிட்டோம். ஒற்றைப் பெயர் கொண்டவருக்கு அமெரிக்கா விசா வழங்கும்போது இருக்கிற பெயரைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் என்ற இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சிடுகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் இருக்கும்போதே, பெயர் தெரியாதவர் என்ற குறிப்போடு ஒருவர் ஓட்டுநர் உரிமம்வரை வாங்க நேர்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலாவாகவும் பார்வையாளராகவும் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பின்னர் கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அந்த இடைப்பட்ட நாள்களில் பயணச்சீட்டு வாங்கி வைத்திருந்தவர்களின் தவிப்பைத் தம்பி வழியாக நேரில் கண்டோம். ஆகவே, பிள்ளை எந்த ஊரில் வாழ்ந்தாலும், குறைந்தது இரண்டு கட்டங்களாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது முடிவாயிற்று.

நடுப்பெயர் என்பது நமக்கு அந்நியமானது என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். என் கணவரின் வீட்டுக் கதையைக் கேட்டபிறகு அந்த எண்ணம் மாறியது. அவருக்குத் தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉதானே. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள் என்பதே அவற்றின் பொருள். ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை என்ற வழக்கம் அந்த வீட்டில் அப்போது உறுதியாக இருந்தது. தன் மகனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமென்றால் மாமனாரின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதால், என் அத்தை, அதாவது கணவரின் தாயார், மகனுக்கு வேறொரு கூப்பிடும் பெயரை வைத்தார். பதிவேட்டில் ஒரு பெயர், வாசலில் ஒரு பெயர். இது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பதிவுப் பெயர், கூப்பிடும் பெயர் என்று இரண்டோடு வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். நமக்கும் இரண்டாம் பெயர் காலங்காலமாக இருந்துவருகிறது. அது படிவத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்வதில் சிக்கல் இருக்கிறது. கல்லூரி நாள்களில் என் கணவருக்கு விபத்து நேர்ந்தபோது, மருத்துவமனையில் பதிவுப் பெயரைச் சொல்லி உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று பலமுறை கேட்டிருக்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு அது தன் அண்ணன் மகனின் பெயர் என்பது சட்டென்று உறைக்கவில்லை. அதைக் கேட்ட அன்றே நாங்கள் ஒரு விதியை வகுத்துக்கொண்டோம். எந்தப் பெயரால் பிள்ளையை அழைக்கப்போகிறோமோ அதுவே முதற்பெயராகப் பதிவாக வேண்டும்; முன்னோருக்கு மரியாதை செய்யும் பெயர் அதற்குப் பின்னால் வர வேண்டும். இந்த வரிசையை மாற்றிவைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் 'அது என் பதிவுப் பெயர், என்னை இப்படி அழையுங்கள்' என்று விளக்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் உண்மையான விவாதம் அதன்பிறகுதான் தொடங்கியது. மாமா, அதாவது கணவரின் தந்தை, காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் பேரனுக்கு அவருடைய பெயரை வைக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அதை அவர் வற்புறுத்தலாக ஒருமுறைகூடச் சொன்னதில்லை, சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். என் பக்கத்தில் எனக்கும் ஓர் ஆசை இருந்தது. பத்து மாதம் சுமக்கப்போகும் என் பெயரின் ஓர் எழுத்தாவது பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். வழக்கப்படி கணவரின் பெயரின் முதலெழுத்துத்தான் பிள்ளையின் இனிஷியலாக வரும். மூன்று பேரின் உரிமையும் ஒரே குழந்தையின்மேல் வந்து நிற்க, குழந்தைக்கென்று சொந்தமாக ஒரு பெயர் வைக்க இடமே இல்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு எழுந்தது.

தீர்வு கணவரின் கடவுச்சீட்டிலேயே இருந்தது. அதில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் மாமாவின் பெயர் இருக்கிறது. வழக்கமான முறையில் சென்றால் கணவரின் குடும்பப்பெயர் மாமாவின் பெயர், என் குடும்பப்பெயர் என் அப்பாவின் பெயர், பிள்ளையின் குடும்பப்பெயர் கணவரின் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர்கள் வந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறிக்கொண்டேயிருக்கும். அதற்குப் பதிலாக மாமாவின் பெயரை அங்கேயே நிலைநிறுத்திவிட்டால் தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே குடும்பப்பெயர் கிடைக்கிறது. எல்லையோரச் சோதனைகளில் இவர் என் பிள்ளை என்று நிறுவுவதும் எளிதாகிறது. முதல் பேரனுக்கு மட்டும் என்றில்லாமல், பேத்திகள் உட்பட எங்களுக்குப் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளோடும் மாமாவின் பெயர் தொடர்கிறது. நடுக்கட்டத்தில் என் பெயர். முதற்கட்டம் முழுக்க முழுக்கப் பிள்ளைக்கே சொந்தமான புதுப்பெயர்.

இந்த ஏற்பாட்டில் விடுபடுவது என் கணவரின் பெயர். அதை நான்தான் தயக்கத்தோடு எடுத்துச் சொன்னேன். அவர் ஓர் இரவு முழுக்க யோசித்துவிட்டு, பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் என்று தனிக் கட்டம் இருக்கிறதே, அது போதும் என்றார். பள்ளியில் இனிஷியல் என்ன என்று கேட்பார்களே என்றேன். என் பெயரின் முதலெழுத்தும் மாமாவின் பெயரின் முதலெழுத்தும் என்று இரண்டு எழுத்துகளை எழுதிக் காட்டினார். எல்லா வீடுகளுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. தந்தையின் பெயரையே கடைசிக் கட்டத்தில் வைப்பதும், அப்பா அம்மா இருவரின் பெயர்களையும் அடுத்தடுத்து வைப்பதும் நல்ல முறைகளே. மலேசியத் தமிழர்கள் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்று மலாய்ச் சுருக்கங்களை இடையில் வைத்து எழுதுகிறார்கள். அதுவும் ஒரு தெளிவான வழிதான். எதைத் தேர்ந்தாலும், முதல் பிள்ளைக்குச் செய்ததையே அடுத்த பிள்ளைக்கும் செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டுத் தேர்வது நல்லது.

இடையில் ஓராண்டு எங்கள் தேடல் நின்றிருந்தது. திருமணமான இரண்டாம் ஆண்டில் கருவுற்று, நான்காம் மாதத்தில் அந்தக் கரு நிலைக்காமல் போயிற்று. அதற்குள் நாங்கள் ஒரு பெயரை முடிவுசெய்து, அந்தப் பெயரைச் சொல்லி வயிற்றோடு பேசவும் தொடங்கியிருந்தோம். உறவினர்களிடமும் சொல்லிவிட்டிருந்தோம். பிறகு பட்டியலை மீண்டும் கையிலெடுத்தபோது, அந்தப் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. வைக்கலாம் என்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. எங்களுக்கு மட்டும் அது ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்துவிட்ட பெயராகத் தோன்றியது, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். முடிவான பெயர்களை இனி யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்றும் தீர்மானித்தோம். அதனால்தான் நாங்கள் தேர்ந்த முதற்பெயர்களை இங்கே எழுதாமல், கைவிட்ட பெயர்களையும் பொதுவான பெயர்களையும் கொண்டே விளக்குகிறேன்.

பெயரைத் தேர்கிறவர்கள் பெரும்பாலும் அதை எழுதிப் பார்க்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் ஒரு குழந்தையின் பெயர் எழுதப்படுவதைவிடப் பல ஆயிரம் மடங்கு கூப்பிடப்படுகிறது. தமிழில் கூப்பிடும்போது பெயர் உருமாறும்; நம் இலக்கணம் விளி வேற்றுமை என்று அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. கபிலன் என்ற பெயர் கூப்பிடும்போது கபிலா ஆகிறது, மாறன் மாறா ஆகிறது, எழிலன் எழிலா ஆகிறது. இறுதி மெய் மறைந்து உயிர் நீண்டு, தெருமுனைவரை போய்ச் சேரும் ஓசையாகிவிடுகிறது. யாழினி என்ற பெயரின் கடைசி இகரம் நீண்டு ஒலிக்கிறது. நிலா, ஆதிரை போன்றவை உருமாறாமலே கூப்பிட வசதியாக இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பெயரையும் மொட்டைமாடியிலிருந்து கீழே இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுப் பார்த்தோம். பிறகு கோபமாக, கெஞ்சலாக, தூக்கத்திலிருந்து எழுப்புவதுபோல் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தோம். தாளில் அழகாக இருந்த மூன்று பெயர்கள் இந்தச் சோதனையில் விழுந்துவிட்டன.

அடுத்தது வேற்றுமை உருபுகள். பெயர் தனியாக நிற்பது குறைவு. ஐ, கு, இன், உடன் என்று ஏதாவது ஒன்றோடு சேர்ந்தே பேச்சில் வரும். தமிழ்ச் சொற்களின் இறுதியில் க், ட், த், ப் போன்ற வல்லின மெய்கள் நிற்பதில்லை. இப்போது பரவலாக வைக்கப்படும் ரித்விக், அத்விக் போன்ற பெயர்களைத் தமிழ் நாக்கு இறுதியில் ஓர் உகரம் சேர்த்துத்தான் சொல்லும். அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டச் சொல்லும் பாட்டி 'ரித்விக்குக்கு' என்று சொல்ல நேர்கிறது. அந்தப் பெயர்களை விரும்பி வைத்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வீட்டில் தமிழ் பேசப்படுமானால், பிள்ளையின் பெயரை ஐந்தாறு வாக்கியங்களில் வைத்துப் பேசிப் பார்த்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஈற்றில் மகரம் வரும் பெயர்கள் வேறுவகையில் மாறும். செல்வம் என்பது செல்வத்தை, செல்வத்துக்கு என்று ஆகும்போது ஆளா பொருளா என்ற மயக்கம் வரலாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் நாங்கள் மிக அதிக நாள்களைச் செலவிட்டோம். என் அனுபவம் அப்படிச் செய்ய வைத்தது. ழகரம் உள்ள பெயர்கள் எனக்கு உயிர். ஆனால் இசட், ஹெச் என்ற எழுத்துகளைத் தமிழறியாதவர் கண்டால் 'யாஸினி' என்பதுபோல்தான் படிப்பார். அதை ஏற்றுக்கொள்ள மனம் ஒப்பினால் தாராளமாக வைக்கலாம். பிள்ளை அதைத் திருத்திச் சொல்லிக்கொண்டே வாழ வேண்டும் என்பதை அறிந்து வைக்க வேண்டும். தகரத்துக்கு நாம் டி, ஹெச் என்று எழுதுகிறோம். வடபுலத்தவர் டி என்ற ஒற்றை எழுத்தையே தகரமாகப் படிப்பார்கள், ஹெச் சேர்த்தால் அதை வேறோர் ஓசையாகக் கொள்வார்கள். லதா என்ற எளிய பெயரே இரண்டு விதமாக எழுதப்படுவதன் காரணம் இதுதான். குறில் நெடில் வேறுபாட்டைக் காட்ட ஏ என்ற எழுத்தை ஒருமுறை போடுவதா இருமுறை போடுவதா என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். னகர ணகர வேறுபாடும் ரகர றகர வேறுபாடும் ஆங்கிலத்தில் அடியோடு மறைந்துவிடும் என்பதால், அந்த வேறுபாட்டை நம்பியே பொருள் நிற்கும் பெயர்களைத் தவிர்த்தோம்.

எழுத்துக்கூட்டல் ஒரு தலைமுறையோடு முடியும் செய்தியும் அன்று. தென்னாப்பிரிக்காவில் கோவெண்டர் என்ற குடும்பப்பெயரோடு வாழும் தமிழர்களின் முன்னோர் கவுண்டர்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பெயர்கள் காதில் விழுந்தபடி பதிவேட்டில் எழுதப்பட்டு, நூறாண்டு கடந்தும் பேரப்பிள்ளைகளின் வாசற்பலகையில் நிற்கின்றன. அவர்களுக்கு அன்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது.

பெயரின் நீளத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உலகெங்கும் கடவுச்சீட்டின் கீழ்ப்பகுதியில் இயந்திரம் படிப்பதற்கென்று இருக்கும் இரண்டு வரிகளில் ஒவ்வொன்றும் 44 இடங்கள் கொண்டது. அதில் பெயருக்கு 39 இடங்கள்தாம், இடையில் வரும் நிரப்புக் குறிகளும் அதற்குள் அடக்கம். அதைவிட முக்கியமானது, இந்தியக் கடவுச்சீட்டில் நடுப்பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. முதற்பெயரும் நடுப்பெயரும் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து அச்சாகும். விமானப் பயணச்சீட்டில் அவை இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. எனவே இரண்டையும் ஒட்டியெழுதி, புதிதாக ஏதேனும் தகாத சொல் பிறக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தமிழில் இனிஷியலோடு சேர்த்துப் படிப்பதும் அப்படியே. 'கு' என்ற தலைப்பெழுத்தை உடையவர் ரங்கன் என்ற பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் வகுப்பறையில் அது எப்படி ஒலிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மூன்று பெயர்களும் சேர்ந்து ஆங்கிலத்தில் 24 எழுத்துகளுக்குள் அடங்கும்படி பார்த்துக்கொண்டோம்.

பொருளைப் பற்றி ஒன்று. இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்களில் எந்தப் பெயரைத் தொட்டாலும் அழகு, அறிவு, ஒளி என்ற மூன்றில் ஒன்றுதான் பொருளாகப் போடப்பட்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பெயரையும் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் தேடினோம். அதை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். கணவருக்கு ஆதன் என்ற பெயரின்மேல் தீராத காதல் இருந்தது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருந்த பெயர்களில் அது ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்தார் என்பதை நினைக்க எனக்கும் மெய்சிலிர்த்தது. சேர மன்னர்களின் பெயர்களிலும் அது வருகிறது. அதே சொல்லுக்குப் பிற்காலத்தில் அறிவில்லாதவன் என்ற பொருளும் ஏற்பட்டிருப்பதைப் பிறகு அறிந்தோம். இன்று யாரும் அந்தப் பொருளில் பேசுவதில்லை என்பதால் அதற்காக நாங்கள் பெயரைக் கைவிடவில்லை; பிள்ளையோடு வாழப்போகிறவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டு எதை நினைப்பார்கள் என்பதே எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. ஆங்கிலத்தில் ஒருவகையில் எழுதினால் அது இசுலாமியத் தொழுகை அழைப்பைக் குறிக்கும் சொல்லாகவே தோன்றும் என்பதும் தெரிந்தது. எழுத்துக்கூட்டலை மாற்றி அதையும் சரிசெய்தோம். கடைசியில் அந்தப் பெயரை வீழ்த்தியது தொலைபேசி. அவர் ஐந்து பேரிடம் அலைபேசியில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். நான்கு பேர் 'ஆதவனா?' என்று திருப்பிக் கேட்டார்கள். பானை ஓட்டின் படத்தை மட்டும் அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

எண் கணிதத்துக்காக எழுத்துகளைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்களுக்கு உடன்பாடில்லை. அண்ணன் தங்கையின் பெயர்கள் ஒரே ஓசையில் தொடங்குவது கேட்க இனிமையாக இருந்தாலும், ஒரே இனிஷியலோடு ஒரே முதலெழுத்தும் சேர்ந்தால் ஆவணங்கள் இடம் மாறிப்போகும் என்பதால் அதையும் தவிர்த்தோம்.

பதிவு தொடர்பான விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டது எங்கள் பதற்றத்தைப் பெரிதும் குறைத்தது. இந்தியாவில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; ஆனால் அப்போதே பெயரையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பிறகு 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். எனவே மருத்துவமனையில் அவசரப்படுத்தினாலும் முடிவாகாத பெயரைச் சொல்ல வேண்டாம். 2023-இல் வந்த திருத்தத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கிறவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு என்று பலவற்றுக்கும் பிறந்த நாளுக்கும் பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகையால் அந்தச் சான்றிதழில் ஏறும் எழுத்துக்கூட்டலே எல்லாவற்றுக்கும் வேராகிவிடும். வாயால் சொல்லி எழுதவைக்கக் கூடாது என்பது நான் மிகுந்த அழுத்தத்தோடு சொல்லும் ஒன்று. பெயரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் கட்டம் கட்டமாக அச்சிட்டு, இரண்டு படிகள் எடுத்து, மருத்துவமனைப் பையில் ஒன்றை வைத்துவிட வேண்டும். பேறுகால அசதியில் தாயும், அலைச்சலில் தந்தையும் இருக்கும் நேரத்தில் படிவத்தை நிரப்பப்போகிறவர் பெரும்பாலும் ஒரு மாமாவாகவோ சித்தியாகவோ இருப்பார். சான்றிதழ் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் ஓர் எழுத்து விடாமல் சரிபார்க்க வேண்டும்.

எங்கள் தாளை அச்சிட்டு முடித்ததும், முதற்பெயர்களை மட்டும் மறைத்து மடித்து, மற்ற இரண்டு கட்டங்களை அத்தையிடம் காட்டினோம். நடுவில் என் பெயர் இருப்பதைப் பார்த்து என் கையை ஒருமுறை தொட்டார். மூன்றாவது கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து மாமாவின் ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துவந்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார்.

"ஒரு ஹெச் குறையுதேம்மா" என்றார்.

உண்மைதான். கணவரின் பள்ளிச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் அந்த எழுத்து இல்லை. மாமாவின் ஆவணங்களில் இருக்கிறது. எங்களில் யாரும் அதுவரை கவனித்ததேயில்லை. பிள்ளையின் ஆவணங்கள் தந்தையின் கடவுச்சீட்டோடு பொருந்த வேண்டும் என்பதை அவருக்கு விளக்கி, இப்போது உள்ளபடியே இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம். அவர் தலையசைத்தார், ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. என்னிடம் பேனா கேட்டு வாங்கி, ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், தான் ஒருநாளும் வாயால் சொல்லியிராத அந்தப் பெயரைத் தமிழில் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.